என் பேரில் ஒரு பொண்ணு

"பொண்ணுக்கு என்ன பேரும்மா?"

"கோவர்த்தனி."

பேனா அப்படியே நின்னு போச்சு. என் பேரு கோவர்த்தனன். முப்பது வருஷமா அது எனக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கினு இருந்தேன். அதைப் பொண்ணு பேரா அன்னைக்குத்தான் முதல் தடவை கேக்கறேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி அடுத்த வருஷம் அது. திருப்பதியில பிறப்பு இறப்பு எழுதற குமாஸ்தா நான். நாற்காலியில உக்காந்தா என்னை விட்டா கலெக்டர் இல்ல. எழுந்தா நாய்கூட மதிக்காது.

எதிர்ல நின்னவ தாட்சாயணி. புத்தூர்க்காரி. தோள்ல மூணு மாசக் கொழந்தை.

"வீட்டுக்காரர் பேரு?"

தலையைக் குனிஞ்சுக்கினா. "பாம்பை நகையா போட்டுக்கினு இருக்காரே, அந்தச் சாமி பேரு சார்."

"நாகபூஷணமா?"

"ஆமா சார்."

இது தினம் நடக்கிற கூத்து. எந்தப் பொம்பளை புருஷன் பேரை வாயால சொன்னா? விடுகதை போடுவாங்க, நான் விடையை எழுதுவேன். அதுல எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

"சரி, இந்தக் கோவர்த்தனிங்கறது யார் பேரும்மா?"

"கோவர்த்தனன்னு ஒருத்தரு சார். அவரு ஞாபகமா வெச்சோம்."

பட்டுன்னு சொல்லிட்டா! மாமனார் பேரா இருந்தா அதுக்கும் ஒரு விடுகதை போட்டிருப்பா. புருஷனும் இல்ல, மாமனாரும் இல்ல. அப்போ எவன்? எவனோ ஒரு கோவர்த்தனன் பண்ணின வேலை, நாளைக்கு என் தலையில இல்ல விடியும்! என் பொண்டாட்டி காதுல விழுந்தா எனக்குச் சோறு கெடைக்குமா?

"இந்தாம்மா, நல்லா யோசிச்சுக்கோ. யசோதா, கமலம்மான்னு எவ்வளவு லட்சணமான பேரு இருக்குது! ஆம்பளைப் பேருக்குப் பாவாடை கட்டிவிட்டா பொண்ணு பேரு ஆயிடுமா? ஊரு நாலு பேச்சு பேசாது? உன் வீட்டுக்காரர் இதுக்கு எப்படி ஒத்துக்கினாரு?"

"அவருதான் சார் இதை வெச்சாரு."

நான் பண்ணின உபதேசம் அத்தனையும் வீணாப் போச்சு.

அவளே சொன்னா. "மாசி மாசம் சார். வலி எடுத்துடுச்சு. திருப்பதி ஆசுபத்திரிக்குப் போக நானும் அவரும் புத்தூர்ல பஸ் ஏறினோம். கால் வைக்க எடமில்ல. நான் கம்பியைப் புடிச்சிக்கினு துடிக்கிறேன், ஒருத்தராச்சும் அசையணுமே! அப்போ கடைசி சீட்டுல இருந்து ஒருத்தர் சடார்னு எழுந்தாரு. துண்டால மூஞ்சை மூடிக்கினு இருந்தாரு. 'உக்காரும்மா'ன்னாரு. அடுத்த நிமிஷம் பின்பக்கமா எறங்கிப் போயே போயிட்டாரு. அந்த எடம் கெடைக்கலன்னா நானும் இல்ல, இந்தப் பொண்ணும் இல்ல."

அந்த மகானுபாவன் நான்தான்.

அன்னைக்கு நகரியில எல்லைக் கூட்டம். தமிழ் பேசற ஊரையெல்லாம் மெட்ராஸோட சேக்கணும்னு. ஆந்திர சர்க்கார் சம்பளம் வாங்கறவன் அங்க போனது தெரிஞ்சா வேலை காலி. காய்ச்சல்னு லீவு எழுதிக் குடுத்துட்டுப் போனேன். பெரிய வீரன்னு நெனச்சுடாதீங்க. கடைசி வரிசையில நின்னு வாய்க்குள்ளயே கோஷம் போட்டேன். புளிசோறு குடுத்தாங்க, துன்னுட்டு பஸ் ஏறிட்டேன்.

புத்தூர்ல பஸ் நின்னா, முன்பக்கமா ஏறுறாரு எங்க ஹெட் கிளார்க் முனிரத்தினம் நாயுடு! அவரைப் பார்த்துத்தான் எழுந்தேன். வலியில துடிச்ச இவ மூஞ்சைக்கூட நான் பார்க்கல. வழியை மறைச்சுக்கினு நின்னதால 'உக்காரும்மா'ன்னேன், அவ்வளவுதான்.

கொழந்தை என்னைப் பார்த்துச் சிரிச்சுது. ஒரு பயந்தாங்கொள்ளி பேரை இது காலம் பூரா சொமக்கணுமா? மனசு கேக்கல. உள் ரூம்ல நாயுடு இருந்தாரு. குரலைத் தாழ்த்தினேன்.

"அம்மா, அந்தப் பேரு வேணாம்மா. அவன் உனக்காக எழுந்திருக்கல. மேலதிகாரிக்குப் பயந்து ஓடினவன். எனக்கு நல்லா தெரியும். ஏன்னா, அது நான்தான்."

சொல்லிட்டேன். வேலை போனாலும் போகட்டும்! நெஞ்சை நிமித்திக்கினு உக்காந்தேன்.

அவ கொஞ்சம்கூடத் திடுக்கிடல.

"தெரியும் சார். நாயுடு ஐயா அன்னைக்கே பஸ்ல சொல்லிட்டாரு. எங்களை ஜட்காவில ஏத்திக்கினு போய் ஆசுபத்திரியில சேத்ததும் அவருதான்."

"அவரு என்னைப் பார்த்துட்டாரா?"

மூணு மாசமா அந்த மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே! காய்ச்சல் லீவுல கையெழுத்து வேற போட்டாரே!

தாட்சாயணி கொழந்தையைத் தோள் மாத்திக்கினா.

"அவரு பேரைத்தான் சார் வைக்கணும்னு இருந்தோம், முனிரத்தினம்மான்னு. அவருதான் ஒத்துக்கல. 'வத்து, வத்து! என் பேரு வேணாம்மா. கோவர்த்தனன் பேரையே வையி. அவன் கையாலயே எழுதச் சொல்லு. அப்பவாச்சும் அடுத்த தடவை என்னைப் பார்த்து எழுந்திருக்காம, நின்னுக்கினு இருக்கிற பொம்பளையைப் பார்த்து எழுந்திருப்பான்'னாரு."