சாட்சி நேரம்

“யாராவது சாட்சி சொல்றீங்களா?” என்று பாஸ்டர் கேட்டு முடிப்பதற்குள் தபித்தா எழுந்து நின்றுவிட்டாள்.

“ஆரம்பிச்சுட்டா,” என்று பின்வரிசையில் முணுமுணுத்தாள் நவமணி.

“வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்காரரோட கேஸ் தோத்துப்போச்சு,” மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள் தபித்தா. “ஆனாலும் கர்த்தர் எங்களைக் கைவிடல. அவர் செஞ்ச எல்லா நன்மைக்கும் ஸ்தோத்திரம்.”

சபையில் யாருக்கும் ‘ஆமென்’ சொல்ல வாய் வரவில்லை.

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தபித்தாவின் கணவர் பர்னபாஸ் பிறை தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர். பிரேக் சரியில்லை என்று மேனேஜரிடம் பலமுறை சொன்னார். யாரும் கேட்கவில்லை. ஒருநாள் வண்டி கவிழ்ந்து அவர் இடுப்பை நசுக்கியது. ‘அவர்தான் கண்மண் தெரியாமல் ஓட்டினார்’ என்றது கம்பெனி. கூட வேலை செய்த நண்பனே கோர்ட்டுக்கு வந்து அதை ஆமோதித்துவிட்டுப் போனான். அவன் இப்போது சூப்பர்வைசர்.

‘எந்த நன்மைக்கு ஸ்தோத்திரம்?’ நவமணிக்கு எரிச்சலாக வந்தது. புருஷன் படுத்த படுக்கை. நியாயமும் செத்துப்போச்சு. வாய்விட்டு அழவேண்டியவள் வாராவாரம் மைக் பிடிக்கிறாள். எல்லாம் நடிப்பு. ‘என்னா விசுவாசம்’ என்று நாலு பேர் மெச்ச வேண்டும்.

இன்றைக்கு முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் ஆராதனையின் கடைசி ஆசீர்வாதம் முடிந்து திரும்பிப் பார்த்தபோது தபித்தா பஸ்ஸுக்கு ஓடிவிட்டிருந்தாள்.

நவமணி விடவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஜெலுத்தோங்கில் தபித்தா குடியிருந்த ஃப்ளாட்டுக்கே போனாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கப் படியேறிப் போய்த் தட்டினாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

“யாரு?” உள்ளிருந்து பர்னபாஸின் குரல்.

“நான் நவமணி. மாதர் சங்கத்துலேர்ந்து.”

“வாங்கக்கா. அவ பஸ்ஸுல வரணும்லா, இன்னும் வந்து சேரல.”

மருந்து வாடையும் மூத்திர வாடையும் கலந்து அடித்தது. கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார். தலையணை பக்கத்தில் போன்.

“ஆராதனையை லைவ்ல பாத்தீங்களா தம்பி?”

“தபித்தா சாட்சி சொல்ற வரைக்கும்தான் பாப்பேன். அப்புறம் ஆஃப் பண்ணிருவேன்.”

நவமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அதைப் பத்தித்தான் பேச வந்தேன். கேஸ் தோத்த வாரத்துலகூட இப்படி நன்றி சொல்லணுமா? ஜனங்க ஒரு மாதிரி பேசுறாங்க.”

“அவளைத் திட்டாதீங்கக்கா. நான்தான் சொல்லி அனுப்புறேன்.”

“நீங்களா?”

“ஒவ்வொரு வாரமும், ‘எனக்கும் சேத்து நன்றி சொல்லிட்டு வா’ன்னு சொல்லி அனுப்புவேன்.”

“அப்போ உங்க விசுவாசம்தான்...”

“எனக்கா?” பர்னபாஸ் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “கண்ணை மூடினா அந்த வண்டி சாயறதுதான் தெரியுது. ஜெபம் வரல. ‘ஆண்டவரே’ன்னு கூப்பிட்டா அந்தப் பக்கம் ஆளே இல்லாத மாதிரி இருக்கு. இதை யார்கிட்டயும் சொன்னதில்லக்கா. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அடக்க முடியல.”

“பிறகு ஏன் அவளை மட்டும்...”

“அவளுக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதானே? விடிஞ்சதும் என்னைப் புரட்டிப் போட்டு, பீ மூத்திரம் அள்ளிட்டு, ஆஸ்பத்திரியில தரை துடைக்கப் போறா. வந்து மறுபடியும் அள்ளுறா. ஆண்டவர் பாத்துக்குவாருன்னு நம்பித்தான் ஓடுறா. நான் விட்டுட்டேன்னு தெரிஞ்சா அவளும் விழுந்துருவா.” அவர் கண்ணோரம் வழிந்தது காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. “அவகிட்ட சொல்லிறாதீங்க.”

நவமணி எழுந்தாள். அவருக்குக் கொஞ்சம் தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

பாதிப் படி இறங்கியபோது எதிரே தபித்தா வந்தாள். ஒரு கையில் பெரியவர்களுக்கான பேம்பர்ஸ் கட்டு, இன்னொரு கையில் சாப்பாட்டுப் பொட்டலம். நவமணியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா! அவருக்கு ஏதாச்சும்...?”

“ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கார். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் தபித்தா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நவமணி அவள் கையிலிருந்த கட்டை வாங்கிக்கொண்டாள்.

“இவ்வளவு நடந்தும் நன்றி சொல்றியேம்மா,” என்றாள், இந்த முறை மனதார. “உன் விசுவாசம் யாருக்கு வரும்?”

தபித்தா சேலைத் தலைப்பால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். மேலே தன் வீட்டுக் கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மைக்கைப் பிடிச்சாலே எனக்குக் குமட்டிக்கிட்டு வருதுக்கா. கர்த்தர்னு ஒருத்தர் இருக்காரான்னே தெரியல. ஆனா அந்த மனுசன், கிடந்த கிடையிலயும் இன்னும் நம்புறாரு. அதுவும் போயிட்டா பிழைக்கமாட்டாரு. அவருக்காகத்தான் எழுந்து நிக்கிறேன்.”