சூப்பர்வைசர் சாவி

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு ஹோட்டலின் சலவை அறை. சூப்பர்வைசர் வனெட்டா இருப்புக்கொள்ளாமல், போர்வை மடித்துக்கொண்டிருந்த ரோஷெலையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

“என் வேலையை நீ எடுத்துக்கோடி. மேனேஜர்கிட்ட பேசிட்டேன்.”

“வேண்டாம்க்கா. சம்பளம் ஏறினா, அரசாங்கம் குடுக்கிற வாடகை உதவி போயிடும். பிள்ளைங்களோட தெருவுல நிக்கணும்.”

“எவளோ கிளப்பிவிட்ட கதை! என்னைப் பாரு, தெருவுலயா நிக்கறேன்? காலமெல்லாம் போர்வையே மடிச்சிட்டிருப்பியா?”

ரோஷெலுக்குக் கண் கலங்கியது. கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு அக்கறைப்பட்டதில்லை.

“சரிக்கா, எடுத்துக்கறேன்.”

வனெட்டா சாவிக்கொத்தை அவசரமாக அவள் கையில் திணித்தாள்.

“அப்போ நீ மேனேஜராக்கா?”

“நானா? நாளையிலிருந்து உன் இடத்துல போர்வை மடிப்பேன். மாசக் கடைசிக்குள்ள சம்பளம் குறையலேன்னா, நான்தான்டி தெருவுல நிப்பேன்!”