இஞ்சின் ஓடாத முப்பது நாள்

மீட்டர் முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு நெல் தூரத்தில் நின்றது.

ஐயாக்கண்ணு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மணி நாலே முக்கால். ஐந்துக்குச் சேலத்து ஆபீசிலிருந்து இன்ஜினியர் போன் செய்வார்.

அதற்குள் முள் கோட்டைத் தொட்டால் பேட்டரியில் சார்ஜ் தீர்ந்தது என்று அர்த்தம். டீசல் இஞ்சினை ஓட்டியாக வேண்டும். ஓட்டினால் அவன் வேலை நிலைக்கும். ஓட்டாவிட்டால் போச்சு.

சேர்வராயன் மலை உச்சியில் இருந்த அந்த டெலிபோன் ரிப்பீட்டர் நிலையத்துக்குக் கம்பியில் கரண்டு வந்ததே இல்லை. கீழே சேலத்தில் ஒருவர் ஹலோ என்றால், அது மலை தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேரப் பதினொரு வருஷமாக ஐயாக்கண்ணுதான் டீசல் ஊற்றினான். இந்த எண்பத்தெட்டாம் வருஷம் யாருக்கோ ஒரு யோசனை வந்து, கூரைமேல் சோலார் பலகைகளை வரிசையாக மாட்டிவிட்டுப் போனார்கள். முப்பது நாள் சோதனை. முப்பது நாளும் வெயிலை வைத்தே நிலையம் ஓடிவிட்டால் இஞ்சினை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோய்விடுவார்கள். இஞ்சின் போனால் இஞ்சின் டிரைவர் எதற்கு?

இன்றைக்கு முப்பதாம் நாள்.

கார்த்திகை மாசத்தில், அதுவும் ஏற்காட்டில், வெயிலை நம்பிச் சோதனை வைக்கிறார்களே என்று முதல் வாரம் அவன் சிரித்தான். பாழாய்ப்போன வெயிலோ தினம் மத்தியானம் கொஞ்ச நேரமாவது தலைகாட்டிவிட்டுப் போனது. அவன் மஞ்சு இறங்கி வெயிலை மறைக்க வேண்டுமென்று கும்பிட்டான். காப்பிப் பழம் காயப்போட்டவர்கள் வெயில் அடிக்க வேண்டுமென்று கும்பிட்டார்கள். மலைச்சாமி சேர்வராயரும் யார் பேச்சைத்தான் கேட்பார், பாவம்.

கடைசியில் நாலு நாளாக மஞ்சு அப்பிக்கொண்டு கிடக்கிறது. எதிரே இருக்கிற டெலிபோன் கோபுரமே தெரியவில்லை. முள்தான் இறங்க மாட்டேன் என்கிறது.

வெள்ளையம்மாள் டீ டம்ளரோடு உள்ளே வந்தாள். முள்ளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு ஆரம்பித்தாள். மரியாதை குறையாமல் திட்டுவதில் அந்த மலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"ஏனுங்க, நானும் பாத்துட்டேதான் இருக்கறேன், முள்ளையே மொறச்சுக்கிட்டு உக்காந்திருக்கறீங்களே, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதுங்களா இல்லீங்களா? முள்ளு கோட்டைத் தொட்டுருச்சுன்னு சொல்லி அந்த இஞ்சின் பொத்தானை அமுக்குனா யாரு வந்து பாக்கப்போறாங்க? புகை போனாலும் மஞ்சோட மஞ்சாப் போயிரும். வேலை போச்சுன்னா இந்த ஊட்டையும் காலி பண்ணோணும், தெரியுதுங்களா? கிளியூர்ல எங்கண்ணன் ஊட்டுல போயி ஒண்டிக்கலாம்னு பாக்கறீங்களா? எங்கண்ணி மூஞ்சிய ஒரு நாளைக்காச்சும் உங்களால பாக்க முடியுமுங்களா? அவனவன் இல்லாத வேலைய இருக்குதுன்னு சொல்லிச் சம்பளம் வாங்கறான், இருக்கற வேலைய வேண்டாம்னு உக்காந்திருக்கற மனுசன நான் பாத்ததே இல்லீங்க!"

அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை.

ஐயாக்கண்ணு எழுந்து பக்கத்து இஞ்சின் ரூமுக்குப் போனான். அவளும் விடாமல் பேசிக்கொண்டே பின்னால் வந்தாள். அவனுடைய அப்பா, பெரியப்பா, பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவன் முழித்த முழி, எல்லாம் வந்தது.

பொத்தான்மேல் விரலை வைத்தான்.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

விரல் அமுக்கவில்லை. அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

பிறகு பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு மீட்டர் ரூமுக்குத் திரும்பி வந்தான். தலைக்கு மேல் எரிந்த பல்பை அணைத்தான். வாசல் விளக்கையும் அணைத்தான். தங்கள் அறைக்குப் போகிற சுவிட்சையும் அணைத்தான். மிச்சப்பட்ட கரண்டில் முள் ஒரு துளி மேலே ஏறி நின்றது.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது.

"என்னப்பா ஐயாக்கண்ணு, அங்கே மஞ்சு அதிகமாமே? இஞ்சினை ஓட்ட வேண்டி வந்துதா?"

"இல்லீங்க சார். ஒருக்காகூட ஓட்டலீங்க. பலகையே போதுமுங்க."

ரிசீவரை வைத்தான்.

வெள்ளையம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்றாள். மறுபடி அவனுடைய அப்பாவிலிருந்து ஆரம்பித்தாள்.

இஞ்சின் ஓடின பதினொரு வருஷத்தில் அவள் ஒரு திட்டைக்கூட முழுசாகத் திட்டி முடித்தது கிடையாது. நாலு வார்த்தை வருவதற்குள் இருமல் வந்துவிடும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பாதி ராத்திரி உட்கார்ந்தே தூங்குவாள். உச்சி மஞ்சு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு பேரும் மஞ்சைத்தான் பழித்தார்கள். மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். தங்கள் அறை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த புகைக்குழாயை ஒரு நாள்கூட ஏறிட்டுப் பார்த்ததில்லை.

இப்போது நாலு நாளாக மஞ்சு. அவள் ஒரு தடவைகூட இருமவில்லை.

ஐயாக்கண்ணு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஆறிப்போன டீயைக் குடித்தபடி, அவள் திட்டி முடிக்கும்வரை ஒரு வார்த்தை விடாமல் கேட்டான்.