காலையில் முட்டை, மத்தியானம் சோறு

மனோகர் முந்தின நாள் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து ராதிகா முகர்ந்து பார்த்தாள். காலரை, கைமடிப்பை, பாக்கெட்டின் உள்பக்கத்தை. பிறகு பேன்ட்டையும் எடுத்தாள்.

"எவ வாசனை வருதுன்னு பாக்கறியா?" என்றான் கட்டிலில் சாய்ந்திருந்த மனோகர்.

"எவளா இருந்தாலும் கவலையில்ல. பரோட்டாவா பிரியாணியான்னு பாக்கறேன்."

ஆண்டர்சன்பேட்டை லேபிலிருந்து சனிக்கிழமை மாலைதான் ரிப்போர்ட் வந்திருந்தது. சர்க்கரை இறங்கவில்லை, ஏறியிருந்தது. திங்கட்கிழமை கோலாரில் டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்த முறையும் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று அவர் போன தடவையே சொல்லிவிட்டார்.

ஊசி என்றதும் ராதிகாவின் பார்வை சுவரில் இருந்த மாமியார் படத்துக்குப் போனது. பழனியம்மாவுக்கு வேளை தவறாமல் ஊசி போட்டவள் அவள்தான். முதலில் விரல் போய், அப்புறம் பாதம் போய், கடைசியில் ஆளே போனபோது தலைமாட்டில் இருந்தவளும் அவள்தான்.

அதனால்தான் உணவு ஆலோசகர் சொன்னதை அவள் ஒரு சொல் பிசகாமல் செய்துவந்தாள். காலையில் புரதம்: அவித்த முட்டையும் முளைகட்டிய பயறும். சோறு மத்தியானம் மட்டும், அதுவும் ஒரு கை, கொள்ளும் காயும் தின்ற பிறகு. பொழுது சாய்ந்துவிட்டால் சோற்றுப்பானைப் பக்கமே போகக் கூடாது.

மனோகர் பெங்களூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்தான். விடியுமுன் ரயிலைப் பிடிக்க வேண்டும். அவனுக்கும் முன்னால் எழுந்து இரண்டு வேளைக்கும் டப்பா கட்டிப் பையில் வைப்பாள். பங்காரப்பேட்டை தாண்டியதும் சீசன் டிக்கெட்காரர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள் என்று அவன் சொல்லியிருந்தான். டப்பாக்களும் ஒரு பயறுகூட மிச்சமில்லாமல்தான் திரும்பி வந்தன.

"முட்டை இன்னும் ஒன்னு சேத்து வை. உப்பு மட்டும் கம்மி பண்ணு" என்று அவனே ஒரு நாள் கேட்டான். ஊறுகாய் ஜாடியை விரல் விட்டு வழிக்கிற மனுஷன் ஒருவழியாகத் திருந்திவிட்டான் என்று அன்று முழுக்க அவளுக்கு ஒரே பூரிப்பு.

"அப்புறம் எப்படி சுகர் ஏறும்? வெளியில இன்னா தின்றீங்க?" என்றாள் ராதிகா ரிப்போர்ட்டைக் காட்டி.

"எங்கப்பா மூணு வேளையும் சோறு தின்னுட்டுத்தான் தங்கச் சுரங்க ஷாஃப்ட்ல எறங்கினாரு. அவருக்கு சுகரா வந்துது?"

"அவரு பாறைய ஒடைச்சாரு. நீங்க ஃபேன் காத்துல குந்திக்கினு பெட்டிய எண்ணுறீங்க."

மனோகர் எழுந்துபோய் படத்தின் முன்னால் நின்றான். "எங்கம்மா மேல சத்தியமா சொல்றேன். வீட்டுச் சாப்பாட்டத் தவிர கடையில ஒரு வாய் தின்னது கெடையாது. போதுமா?"

தாய் மேல் அவன் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டான் என்று ராதிகாவுக்குத் தெரியும். சட்டையைக் கீழே போட்டாள். அவன் திருடித் தின்றிருந்தால் தடுத்துவிடலாம். திருடாமலேயே ஏறினால் என்ன செய்வது?

"அப்போ நேரந்தான் தப்பு" என்றாள் மெதுவாக. "கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்து ஓடறவருக்கு எது காலை, எது மத்தியானம்? அந்தக் காலத்துல அத்தை மாமாவோட ஷிப்ட்டுக்குத் தக்கன சோறு போட்டாங்க. நான் கடிகாரத்தப் பாத்துப் போட்டுட்டேன்."

மனோகர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பாலகாட் ஏரியா ராஜப்பா. தினமும் ரயிலில் மனோகருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். அவர் பெயரை ராதிகா கேட்டிருக்கிறாளே தவிர ஆளைப் பார்த்ததில்லை. ஒரு கையில் மல்லிகைப்பூ, இன்னொரு கையில் கொய்யாப்பழம்.

"நீ நல்லா இருக்கணும்மா" என்றார் உட்காரும்போதே.

மனோகர் செருப்பைத் தேடினான். "நான் போயி பால் வாங்கிக்கினு வரேன்."

"பால் இருக்குது. குந்துங்க" என்றாள் ராதிகா.

"எனக்கும் சுகர்மா" என்றார் ராஜப்பா. "எங்க வீட்டுல பார்வதம்மா இருந்த வரைக்கும் வாயக் கட்டி வச்சிருந்தா. அவ போனப்புறம் கேக்க ஆளில்ல. மருமக பவ்யா தங்கமான பொண்ணு, ஆனா அவளும் வேலைக்கு ஓடணுமில்ல. ரெண்டு டப்பாவுலயும் சித்ரான்னம், இல்லன்னா புளியோதரை. எனக்கு ஊசி போட ஆரம்பிச்சுட்டாங்க."

"ராஜப்பாண்ணே, மழை வரா மாதிரி இருக்குது" என்றான் மனோகர். வெளியே வெயில் கண்ணைக் கூச வைத்தது.

"வரட்டும்ப்பா. நேத்து டாக்டருகிட்ட போனேம்மா. சுகர் நல்லா எறங்கிடுச்சு, இனிமே ஊசி வேணாம், மாத்திரையே போதும்னுட்டாரு. பார்வதம்மா இருந்து இதப் பாத்திருக்கணும்."

ராதிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கீழே கிடந்த சட்டையைத் தாண்டி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எப்படிண்ணே? இவருக்கு ஏறிக்கினே போவுது. நாளைக்கு ஊசின்றாங்க. நீங்க எந்த வேளைக்கு இன்னா சாப்பிட்டீங்க? ஒளிக்காம சொல்லுங்க. இவருக்கும் அதையே கட்டிக் குடுக்கறேன்."

ராஜப்பா அவளைப் பார்த்தார். பிறகு மனோகரைப் பார்த்தார். விளங்காமல் மறுபடி அவளையே பார்த்தார்.

"நீ கட்டி அனுப்பறதத்தாம்மா."