கைப்பிடி எங்கடா?
காமிக்ஸ் கண்காட்சி நடக்கும் மண்டபத்தின் பின்சுவரில் ஒரு வெள்ளைத் துணி தொங்குகிறது. நடுவில் அங்கே கடை போட்டிருக்கும் ஓவியன் ஒருவன் வரைந்த ஆளுயரக் கதவு, அதைச் சுற்றிக் காலியான பேச்சுக்குமிழ்கள். அடுத்த வருஷம் என்ன மாற்றலாம் என்று வந்தவர்கள் குமிழுக்குள் எழுதிப்போகிறார்கள். 'ஃபேன் பத்தல.' 'புதுசா வரையறவங்களுக்கும் முன்வரிசை கொடுங்க.' 'வாசல் ஒண்ணே ஒண்ணுதானா?' கடைசியதைப் படித்து ஓவியன் சிரிக்கும்போதே வாசலுக்கு மேலே ஏதோ படாரென்று வெடித்து விளக்குகள் அணைகின்றன. ஒயர் கருகும் நாற்றம். வாசலைப் புகை மூடுகிறது. துணிக்கு மேலே ஒரு பேட்டரி விளக்கு மட்டும் எரிகிறது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில், அவன் பார்த்துப் பார்த்துப் போட்ட நிழலால், கதவு லேசாகத் திறந்திருப்பது போலவே இருக்கிறது. "அங்க ஒரு கதவு இருக்கு" என்கிறது ஒரு குரல். மேஜைகள் சரிகின்றன, காலடியில் புத்தகங்கள் வழுக்குகின்றன, கூட்டம் மொத்தமும் இந்தப் பக்கம் திரும்புகிறது. "அது படங்க, வெறும் படம்" என்கிறான் ஓவியன். கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. எல்லாருக்கும் முன்னால் சுவரோடு நசுங்குவது அவனுக்குத் துணையாகக் கடையைப் பார்த்துக்கொள்ள வந்த அக்கா. காலையில் இதே துணியைப் பார்த்து, "நிஜக் கதவு மாதிரியே இருக்கு, கைப்பிடி எங்கடா?" என்று கிண்டலடித்தவள். இப்போது அவள் உள்ளங்கை துணியைத் தடவுகிறது, மேலே, கீழே, மறுபடி மேலே. பின்னாலிருந்து இன்னும் தள்ளுகிறார்கள். அவள் திரும்பாமலே கேட்கிறாள்: "கைப்பிடி எங்கடா?"