மாநாட்டுத் தேநீர்

"நாகலெட்சுமி அக்கா, இன்னைக்கு நீங்க தேத்தண்ணி கொடுக்க வர வேணாம். உள்ள கோப்பை கழுவுங்க."

நுவரெலியா ஹோட்டலின் சூப்பர்வைசர் ஜீவராஜ் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"இது ஒட்டாது தம்பி." செதில் செதிலாக உரிந்திருந்த கைகளை அவள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியுங்கக்கா. வந்திருக்கிறது வெளிநாட்டு டொக்டர்மாரு. ஒருத்தர் முகம் சுளிச்சாலும் மேனேஜர் உங்களை நிப்பாட்டிருவாரு."

"சரி தம்பி," என்று அவள் உள்ளே போனாள். அதுதான் அவனை உறுத்தியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பசியோடு நின்றவனுக்குத் தன் சோற்றில் பாதியைக் கொடுத்தவள் அவள்.

இடைவேளையில் கொழும்பிலிருந்து வந்த டொக்டர் கேஷிகாவிடம் கோப்பையை நீட்டியபோது, மனம் கேளாமல் கேட்டான்.

"என்ன மீட்டிங் மேடம்?"

"சொரியாசிஸ். தோல் செதிலா உரியும். ஒட்டவே ஒட்டாது. ஆனாலும் அவங்களை எல்லாரும் ஒதுக்கி வச்சிடுறாங்க. இந்தப் பக்கம் யாருக்காவது இருந்தா கூட்டிட்டு வாங்க. உலகத்துலேயே பெரிய டொக்டர்கள் இங்கதான் இருக்காங்க, இன்னைக்கே பார்ப்பாங்க. அதுவரைக்கும் சவர்க்காரத் தண்ணியில மட்டும் கை வைக்க வேணாம்னு சொல்லுங்க."

தட்டை அப்படியே போட்டுவிட்டு ஜீவராஜ் உள்ளே ஓடினான்.

நாகலெட்சுமி நுரைக்குள்ளிருந்து கைகளை எடுத்தாள். விரலிடுக்கெல்லாம் வெடித்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"என்ன தம்பி, கோப்பை பத்தலையா?" என்றாள். "இந்தா, கழுவிட்டேன்."