டிராயருக்குள் இடம் இருக்கிறது

விளையாட்டில் தோற்றதும் இளமாறன், "மவுஸ் சரியில்ல" என்று பழைய மவுஸை மேசை டிராயருக்குள் போட்டான். அதன் இடத்துக்கு வானவில் விளக்கும் உடம்பெல்லாம் பட்டனுமாக ஒரு கேமிங் மவுஸ் வந்தது.

"இனி பாருங்கண்ணே, ஒரு எதிரி மிஞ்ச மாட்டான்" என்று டிராயர் இடுக்கு வழியே அது பீற்றிக்கொண்டது.

"நானும் வந்த புதுசுல இப்படித்தான் பேசினேன்" என்றது பழைய மவுஸ்.

மறுநாளும் இளமாறன் தோற்றான். பழைய மவுஸ் சத்தமில்லாமல் நகர்ந்து இடம் விட்டது. புதுசு வந்து விழுந்தது. பிறகு கீபோர்டு வந்தது, ஹெட்போன் வந்தது. யாரும் யாரையும் காரணம் கேட்கவில்லை.

ஒருநாள் வெளியே குரல் கேட்டது: "எல்லாம் இந்த நாற்காலியாலதான்."

நாற்காலி மெல்ல டிராயரை ஒட்டி உருண்டு வந்தது. "அண்ணே, இதுக்குள்ள நான் எப்படி?"

"கால மடக்கிக்கிட்டு வா தம்பி" என்றது பழைய மவுஸ்.